கேலிக்கு முறை உள்ளவர்கள்

பெர்னிஸ் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள். வண்டியில் தூங்குவாள், கூட்டத்தில் தூங்குவாள், கோயிலில் பாதிரியார் வாயைத் திறப்பதற்குள் தூங்கிவிடுவாள். ஒரு தடவை பக்கத்து நகரம் தாம்ப்ஸனில் பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே தூங்கிப்போனாள். பல்லைப் பிடுங்கிய பிறகும் எழுப்ப மனமில்லாமல் அந்த மனிதர் அடுத்த ஆளைப் பக்கத்து அறைக்கு அழைத்துக்கொண்டு போனாராம். இதில் பாதி நான் சேர்த்தது. இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிய எனக்கு முறை இருக்கிறது. அவள் என் தாய்மாமன் மகள்.

எங்கள் கிரீ பழங்குடி ஜனங்களின் ஊரான லூன் நேரோஸில் கேலிக்கு முறை உண்டு. அண்ணன் தங்கையைக் கேலி செய்ய மாட்டான். அப்பன் மகளிடம் வார்த்தையை அளந்துதான் பேசுவான். சின்னம்மாவும் அம்மாதான், அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஆனால் மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் பால் பல் முளைத்த நாளிலிருந்து குழிக்குப் போகும் வரை ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஓட்டாவிட்டால்தான் மனத்தாங்கல். என் அம்மா செத்த அன்று, எல்லோரும் என்னிடம் வந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெர்னிஸ் மட்டும் என் சட்டையைப் பார்த்து, "அத்தை கண்ணை மூடினதும் உனக்குப் பொத்தானை ஒழுங்காப் போட்டுவிடக்கூட ஆளில்லாமப் போச்சு" என்றாள். சிரிக்கத் தொடங்கித்தான் நான் அன்று அழுதேன்.

நான் ஆம்ப்ரோஸ். எங்கள் ஊர்க் குழந்தைகள் நல அலுவலகத்தின் வேனை ஓட்டுகிறேன். பெர்னிஸ் அதே அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். எந்த வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை, எந்த வீட்டில் குடி அதிகம், எந்தப் பிள்ளையை எந்தச் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் விட்டு வைக்கலாம் என்று பார்க்கிற வேலை. அவளுக்கு அதுவே முழு நேரமும் ஓடும். தெற்கே வின்னிபெக்கிலிருந்து வருகிற அதிகாரிகள், உங்கள் ஆட்களுக்கு நீங்கள் ரொம்ப இடம் கொடுக்கிறீர்கள் என்பார்கள். ஊரில் அவளைப் பிள்ளை பிடிக்கிறவள் என்பார்கள். எங்கள் வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அக்கம்பக்கத்து ஜன்னல்களில் திரை இழுபடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவள் ஏன் இதை விட்டுவிட்டுக் கடையில் பில் போடப் போகவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் போனா அந்த நாற்காலியில வேற யாராவது வந்து உக்காருவாங்க, அவங்க தூங்கக்கூட மாட்டாங்க" என்றாள்.

அவளுடைய அக்கா நோரீன் வின்னிபெக்கில் இறந்துபோனாள். காலங்கடந்து பெற்ற ஒரே பெண் மெர்சிடீஸுக்கு அப்போது நாலு வயது. அப்பன் யாரென்று நோரீன் யாரிடமும் சொன்னதில்லை. செய்தி வந்ததும் பெர்னிஸ் ராத்திரிப் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளையை ஒரு வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெர்னிஸ் அங்கே குழந்தைகள் நல அலுவலகத்தில் மேஜைக்கு முன்னால் நின்று, "நான் அவ அம்மா" என்றாள். பிள்ளையின் அம்மா இறந்துவிட்டாளே என்றார்கள். "அது பெரியவ. நான் சின்னவ" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் கிரீ மொழியில் சின்னம்மா என்றால் சின்ன அம்மா, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அத்தைக்கும் ஆன்ட்டி, சின்னம்மாவுக்கும் ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆன்ட்டி. ஆன்ட்டிக்குப் பிள்ளை மேல் என்ன பெரிய உரிமை இருக்க முடியும்? விண்ணப்பம் போடுங்கள், வீட்டை வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

வந்து பார்த்தார்கள். பின் அறை ஜன்னல் சின்னது, தீப்பிடித்தால் பிள்ளை குதிக்க முடியாது என்றார்கள். பெர்னிஸின் அண்ணன் மொய்ஸும் அவன் மகன் டெல்பர்ட்டும் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தார்கள். அடுத்து வந்தவர், வீட்டில் ஆள் அதிகம் என்றார். ஊரில் வீடு ஏது? மொய்ஸ் குடும்பமும் அவளோடுதான் இருந்தது. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு டிரெய்லர் வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் தெற்கே அதிகாரி மாறிவிட்டார். ஆள் மாறினால் கதை முதலிலிருந்து. இதில் கொடுமை என்னவென்றால், இதே பெர்னிஸ்தான் அதே வருடங்களில் ஊரில் மற்றவர்கள் வீட்டுக்குப் போய், உங்கள் ஜன்னல் சின்னது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு வேனில் வந்து ஏறி, கதவைச் சாத்தி, தூங்கிப்போவாள். அது தூக்கமா, கண்ணை மூடிக்கொள்வதா என்று நான் கேட்டதில்லை.

ஏழு வருடம் போயிற்று. மெர்சிடீஸ் தெற்கே ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தாள். குதிரைகள் இருந்தன. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் பெர்னிஸுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் பிள்ளையை நிரந்தரமாகத் தங்களுக்கே கொடுக்கும்படி கேட்டிருந்தார்கள். பெர்னிஸும் கேட்டிருந்தாள். பிள்ளை லூன் நேரோஸுக்கு இரண்டு தடவை வந்து போகட்டும், கூட வருகிற அதிகாரி பார்த்துச் சொல்லட்டும், பிறகு முடிவு செய்கிறேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

முதல் தடவை அக்டோபரில். தாம்ப்ஸன் விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். கூட வந்தவள் கேட்லின் என்ற வெள்ளைக்காரப் பெண், சின்ன வயசு, நல்ல மாதிரி. குண்டும் குழியுமான மண் ரோட்டில் வாந்தி வந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெர்சிடீஸ் ஒல்லியாக, பின்னலைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டாலும் தேங்க் யூ, பிஸ்கெட் கொடுத்தாலும் தேங்க் யூ. நோரீனின் தாடை அப்படியே இருந்தது. நான் கண்ணாடியில் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

வீடு நிறைய ஜனம். மூஸ் மான் இறைச்சிக் குழம்பு, பேனக் ரொட்டி, டீ. பெர்னிஸ் பிள்ளையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. பிள்ளை மரக்கட்டை மாதிரி நின்றுகொண்டு, "ஹலோ, ஆன்ட்டி பெர்னிஸ்" என்றது. ஒருவரும் அதைத் திருத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் டெல்பர்ட் ஆரம்பித்தான். டெல்பர்ட் ஆறடி ஆள், எங்கள் ஊர் ரோட்டைச் சமன்படுத்துகிற கிரேடர் ஓட்டுகிறவன். மெர்சிடீஸ் அவனுக்கு அத்தை மகள். அவளைக் கேலி செய்ய ஊரில் முதல் உரிமை அவனுக்குத்தான்.

"பேரு மெர்சிடீஸ். ஆனா வந்ததுலேர்ந்து வண்டி ஸ்டார்ட்டே ஆகலையே. யாராவது தள்ளி விடுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு இறைச்சித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினாள்.

"ஐயோ பாவம் அந்த மூஸ். உசுரோட இருக்கும்போது ஓநாய்கிட்ட தப்பிச்சிது, செத்த பிறகு இவகிட்ட அவமானப்படுது."

"தேங்க் யூ, எனக்குப் போதும்" என்றாள் பிள்ளை.

"தேங்க் யூவாம்! இந்த வீட்டுல அந்த வார்த்தையைக் கேட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்குது."

வீடு அதிர்ந்தது. பெர்னிஸும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக் கணக்காகிறது. பிள்ளை எழுந்து பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் அழுதாள். கேட்லின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சில வாரங்கள் கழித்துக் கேட்லினின் அறிக்கை வந்தது. பெர்னிஸ் அதை வேனில் எனக்குப் படித்துக் காட்டினாள். உறவினர்கள் குழந்தையின் பெயரையும், சாப்பிடும் விதத்தையும், பேச்சையும் ஏளனம் செய்தார்கள். குழந்தை அழுதுகொண்டே அறையை விட்டு வெளியேறினாள். பெரியவர்கள் யாரும் தடுக்கவில்லை, சிரித்தார்கள்.

"பொய்யா எழுதியிருக்கா?" என்று கொதித்தேன்.

"ஒரு எழுத்து பொய் இல்ல. அதான் கஷ்டம்." மடித்துப் பைக்குள் வைத்தாள். "வேற ஊர்ல நான் இருந்து, முறை தெரியாம ஒரு மூலையில உக்காந்திருந்தா, நானும் இதையேதான் எழுதியிருப்பேன்."

"அப்ப போய்ச் சொல்லு, இதெல்லாம் முறைன்னு."

"சொன்னா? 'ஆமாங்க, பிள்ளையை அழவைக்கிறது எங்க வழக்கம்'னு எழுதிப்பாங்க. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு ஆம்ப்ரோஸ். அதுவும் இப்படிப் போச்சுன்னா அவ்வளவுதான், குதிரைக்காரங்களுக்கே கொடுத்துடுவாங்க." சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள். அலுவலகம் வந்த பிறகும் நான் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டி நின்றால் அவள் விழித்துக்கொள்வாள்.

இரண்டாவது வருகை மார்ச்சில். அதற்கு முந்தின நாள் பெர்னிஸ் குடும்பத்தையே கூட்டி வைத்து உத்தரவு போட்டாள்.

"அவ போற வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணக் கூடாது."

"கிண்டல் பண்ணாம என்னத்தைப் பேசறது அத்தை?" என்றான் டெல்பர்ட்.

"சௌக்கியமான்னு கேளு."

"கேட்டாச்சு. அப்புறம்?"

"பள்ளிக்கூடம் எப்படிப் போகுதுன்னு கேளு."

"அப்படியெல்லாம் போலீஸ்காரன்தான் கேப்பான்."

மொய்ஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "ரெண்டு நாள்தானேடா. வீட்டுக்குப் பாதிரியார் வந்திருக்கார்னு நினைச்சுக்கோ" என்றான்.

"பாதிரியாரையே நாம விட்டு வச்சதில்லையேப்பா!"

பெர்னிஸ் சிரிக்கவில்லை. "டெல்பர்ட், உன் வாயால என் பிள்ளை போச்சுன்னா நான் உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

இந்தத் தடவை மெர்சிடீஸ் வேனில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "டெல்பர்ட் இருப்பாரா?" என்று கேட்டாள்.

"இருப்பான்மா."

கேட்லின் திரும்பி, "உனக்குக் கவலையா இருக்கா?" என்றாள். பிள்ளை இல்லை என்று தலையாட்டினாள். கண்ணாடியில் பார்த்தேன், உதடு அசைந்துகொண்டிருந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. எனக்கு அவள் மகள் முறை, என்னவென்று கிண்டிக் கேட்க முடியாது. சாவு வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன் மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் நிஜமாகவே சாவுக் களைதான். எல்லோரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டெல்பர்ட் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தான். பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாம்மா மெர்சிடீஸ். சௌக்கியமா? பள்ளிக்கூடமெல்லாம் எப்படிப் போகுது?"

பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மேற்கொண்டு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"போன தடவை என் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதா... ஆமாம்மா. தப்புதான். மன்னிச்சுக்கோ."

"வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க போட்ட ரோட்டுல எந்த மெர்சிடீஸும் ஓடாது."

என் வாழ்நாளில் அப்படி ஒரு பதிலடி கேட்டதில்லை. அக்டோபரில் அழுதுவிட்டுப் போன பிள்ளை, குளிர்காலம் முழுவதும் குதிரை லாயத்தில் உட்கார்ந்து இதைத் தீட்டிக் கொண்டுவந்திருக்கிறது. மொய்ஸ் இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டெல்பர்ட்டின் கன்னம் துடித்தது. பதில் அவன் தொண்டை வரை வந்து நிற்பதை எல்லோரும் பார்த்தோம். அவன் பெர்னிஸைப் பார்த்தான். பெர்னிஸ் கேட்லின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றான் டெல்பர்ட். "ரோடு மோசம்தான். நல்லாப் போட்டிருக்கணும்."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. ஆசையாகச் சமைத்துக் கொண்டுவந்ததை ஒருவரும் தொடாமல் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி. இன்னொரு தடவையும் முயற்சி செய்தாள். சட்டை யாரிடம் இரவல் வாங்கினது என்று கேட்டாள். "நல்லாருக்கா? தேங்க் யூ" என்றான் அந்தப் பாவி. கேட்லின் ஒருவிதத் திருப்தியோடு எழுதிக்கொண்டிருந்தாள். குடும்பம் திருந்திவிட்டது என்று நினைத்திருப்பாள்.

பெர்னிஸ் அடுப்புக்கு முன்னால் நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பூராவும் வேறொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் தேடி அலைந்தவள். கரண்டி ஒரு கணம் நின்றது. தலை லேசாகத் தொங்கியது.

"ஆன்ட்டி நின்னுக்கிட்டே தூங்கறாங்க" என்றாள் மெர்சிடீஸ், சத்தமாக. "எங்க வீட்டுக் குதிரை மாதிரி."

அதுவரை இருந்தது நடிப்பு அமைதி. இப்போது வந்தது நிஜ அமைதி. சின்னம்மாவை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குடிகாரன்கூடச் சொல்ல மாட்டான். அதுவும் 'எங்க வீட்டுக் குதிரை.' எந்த வீடு? பெர்னிஸ் கரண்டியோடு திரும்பினாள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு உதடு கோணியது.

"நான் கிண்டல்தான் பண்ணினேன். இங்க அப்படித்தானே? போன தடவை எல்லாரும் பண்ணினீங்களே. இப்ப ஏன் யாரும் என்னை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" மூக்கை உறிஞ்சினாள். "நான் வேண்டாமா?"

கேட்லினின் பேனா காகிதத்தின் மேல் இருந்தது. பெர்னிஸ் அதைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பேனா என்ன எழுதும் என்று அந்த அறையில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதே மாதிரி வரிகளை எழுதி எழுதித்தான் அவளுக்குத் தோள் தொங்கிப்போயிருந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டேய் டெல்பர்ட், வாயில என்ன மீனா வச்சிருக்க? உன் அத்தை மக கேக்கறா, பதில் சொல்லுடா."

டெல்பர்ட் முதலில் நம்பவில்லை. அப்புறம் அணை உடைந்தது. "ரோட்டைக் குறை சொல்றா பாரு! ஏழு வருஷமா உன்னை எந்த ஷெட்டுலடி நிறுத்தி வச்சிருந்தாங்க? நாலு டயர்லயும் காத்தே இல்ல!"

"உங்க வயித்துல இருக்கிற காத்தை எடுத்து அடிச்சுக்கறேன்" என்றாள் பிள்ளை, கன்னத்தில் கண்ணீரோடு.

மொய்ஸ் நாற்காலியிலிருந்து சரிந்தான். குதிரை விஷயம் இன்னும் நடு வீட்டில் கிடந்தது. அதை எடுக்க அந்த அறையில் முறை உள்ளவன் நான் ஒருத்தன்தான். "பிள்ளை தெரியாம சொல்லிடுச்சு" என்றேன். "குதிரை இவளை மாதிரி குறட்டை விடாது. குதிரையை அவமானப்படுத்தக் கூடாதும்மா."

"அத்தை பெத்த ரத்தினமே, நீ வாயை மூடு" என்றாள் பெர்னிஸ். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த வீட்டில் இரண்டு நாளும் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. காது வலித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

கிளம்பும்போது கேட்லின் பெர்னிஸைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"நீ கேக்கல" என்றாள் பெர்னிஸ். பிறகு, அது நியாயமில்லை என்று பட்டதோ என்னவோ, "இதைப் போய்ச் சொல்லணும்னு எங்களுக்கும் தோணலம்மா" என்றாள். "இந்த ஊருக்கு ஏரி இருக்குன்னு யாராவது சொல்லுவாங்களா?"

கேட்லின் தன் நோட்டைத் தொட்டுக் காட்டினாள். "பிள்ளை இந்தத் தடவையும் அழுதா. அதையும் நான் எழுதணும்."

"எழுது. எதுக்காக அழுதான்னும் சேர்த்து எழுது."

எங்கள் ஜனங்களே எங்கள் பிள்ளைகளுக்கான சட்டத்தை எழுதிக்கொள்ளலாம் என்று இப்போது அனுமதி வந்திருக்கிறது. அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தாம்ப்ஸனில் கூடுவார்கள், காய்ந்த சாண்ட்விச் கொடுப்பார்கள். பெர்னிஸ் அதில் இருக்கிறாள், பெரும்பாலும் தூங்குவாள். ஏப்ரல் கூட்டத்தில் திடீரென்று கண்ணைத் திறந்து, பிள்ளை ஊருக்கு வரும்போது கூட வருகிறவருக்கு, அந்தப் பிள்ளையை யார் யார் கேலி செய்ய முறை உள்ளவர்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். இதைச் சட்ட பாஷையில் எப்படி எழுதுவது என்று வக்கீல் கேட்டார். "அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வரி இன்னும் வரைவில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு ஒரு வரி, வீட்டில் ஆள் கணக்குக்கு ஒரு வரி, சின்னம்மாவுக்கு ஒரு வரி, எல்லாமே வரைவில்தான் இருக்கின்றன.

மே மாதம் நீதிபதி முடிவு சொன்னார். கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளை லூன் நேரோஸில் இருக்கட்டும், சரிப்பட்டால் செப்டம்பரில் இங்கேயே பள்ளிக்கூடம் சேரட்டும். கேட்லின் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. "ஏழு வருஷத்துக்கு அரைச் சம்மதம்" என்றாள் பெர்னிஸ். சந்தோஷப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. அன்றைக்கே வேறொரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைத் தெற்கே ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வீட்டு ஜன்னலும் சின்னது.

ஜூன் கடைசியில் பிள்ளையை அழைத்துவரப் போனோம். நான், பெர்னிஸ், டெல்பர்ட். பெர்னிஸ் வழியெல்லாம் தூங்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தாள், கையிலே பேனக் ரொட்டிப் பொட்டலம். விமானம் தாமதம் என்றார்கள். வேனிலேயே உட்கார்ந்திருக்கிறேன், இறங்கினதும் கூப்பிடுங்கள் என்றாள். டெல்பர்ட் அட்டையில் 'மெர்சிடீஸ், பழைய மாடல், விலை பேசலாம்' என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றான்.

பிள்ளை வந்தாள். அட்டையைப் படித்தாள். "உங்களை விக்கப் போறாங்களா? யாரு வாங்குவாங்க?" என்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு வேனுக்கு வந்தோம். கதவைத் திறந்தேன்.

ஏழு வருடமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

என் நாக்கு நுனியில் வந்து நின்ற வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்லியிருந்தால் லூன் நேரோஸில் என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பேசுவார்கள். டெல்பர்ட் வேறு, "அத்தை, வண்டி வந்துடுச்சு!" என்று கத்த வாயெடுத்தான்.

மெர்சிடீஸ் சத்தமில்லாமல் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ். அம்மா தூங்கறாங்க."

கதவை மெதுவாகச் சாத்தினேன். டெல்பர்ட்டின் கிரேடர் போட்ட அந்த ரோட்டில், குழிக்குக் குழி வண்டியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.